இருபது நிமிஷம்

பெட்டியின் மூடியைத் திறந்து சாருலதா மேடம் மேலே இருந்த படத்தைக் கையில் எடுத்தபோதுதான் ஆவுடையப்பன் கவனித்தான், அடுக்கு தலைகீழாகக் கிடக்கிறது. முதலில் வர வேண்டியது அடியில் போய்விட்டது, கடைசியில் வர வேண்டியது மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அவர் கையில் இருப்பது இருபத்திரண்டாவது படம். துணைமின் நிலையத்தில் ராத்திரிக்கு ராத்திரி அவன் உட்காருகிற நாற்காலி, ஆள் இல்லாமல், பக்கத்து மேசையில் தொலைபேசி. எல்லாரையும் பார்த்து முடித்த பிறகு, விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்புகிற மாதிரி பார்க்க வேண்டிய படம். மேடம், ஒரு நிமிஷம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் உட்கார்ந்த உடனேயே அவர் சொல்லியிருந்தார்: "நான் பார்த்து முடிக்கிற வரைக்கும் நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். அப்புறமா பேசலாம்." பலமாகத் தலையாட்டியாயிற்று. தலையாட்டியவன் அரை நிமிஷத்தில் வாயைத் திறந்தால் என்ன நினைப்பார். திறக்காவிட்டால் என்ன நினைப்பார் என்பதும் தெரியவில்லை. அவர் வெள்ளைத் துணிக் கையுறை போட்டிருந்தார், படத்தில் விரல் ரேகை விழாமல் இருக்க. தானும் கையுறை போடுகிறவன்தான் என்று ஆவுடையப்பன் நினைத்துக்கொண்டான், முழங்கை வரைக்கும் வருகிற ரப்பர் உறை, தொட்டால் ஆள் போய்விடுகிற இடங்களுக்கு. இவர் எதற்குப் பயந்து போட்டிருக்கிறாரோ. நாற்காலிப் படத்தை அவர் உடனே கீழே வைக்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், பிறகு கிட்டே கொண்டுவந்து பார்த்தார், பிறகு இடது பக்கம் வைத்தார், தூங்குகிற பிள்ளையைப் படுக்க வைக்கிற மாதிரி.

காலையில் இன்னொரு மேசையில் இந்தப் படங்களைப் பார்த்தவர் செய்த வேலை இது. வேலை என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு கையில் காப்பியை வைத்துக்கொண்டு மறு கையால் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து இடது பக்கம் போட்டுக்கொண்டே போனார், சீட்டுக் கட்டைப் போடுவதுபோல. நாலே நிமிஷம். எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள், சரி, அதனால் என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். பதில் ஆவுடையப்பனிடம் இருந்தது, இங்கிலீஷில்தான் இல்லை. மிச்சம் பதினாறு நிமிஷமும் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் இடது பக்கம் கிடந்ததை அப்படியே அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டான். வராந்தாவில் ஈரோட்டுக் கல்யாணப் போட்டோக்காரர் தனசீலன் முன்னாலேயே எச்சரித்திருந்தார். பார்த்து முடித்ததும் திருப்பி அடுக்கிவிட வேண்டும் அண்ணே, எல்லாரும் மறக்கிறது இதைத்தான், போன வருஷம் என் பெட்டியில் தாலி கட்டி முடித்த பிறகு பொண்ணு பார்க்க வந்தார்கள் என்று சொல்லி அவரே சிரித்தார். ஆவுடையப்பனும் சிரித்தான். சிரித்தவன்தான் மறந்தான். மின்சாரத்தோடு பழகுகிறவன் இப்படி மறக்கலாமா, எந்தச் சுவிட்சை முதலில் திறப்பது எதை முதலில் மூடுவது என்பதுதானே அந்தத் தொழிலே, வரிசை தப்பினால் ஆள் கரிக்கட்டை. இருபத்தொரு வருஷத்தில் ஒரு நாள்கூட வரிசை தப்பியதில்லை. இங்கே, வெறும் காகிதத்தில், தப்பிவிட்டது.

ஆனாலும் வருத்தம் வர வேண்டிய அளவுக்கு வரவில்லை. அதுதான் அவனுக்கே அதிசயமாக இருந்தது. ராத்திரி முழுக்க ரயிலில் தூங்கவில்லை, தூக்கம் வராது, மேல் படுக்கையில் கிடந்து வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தான். இப்போது பகல் பதினொன்றரை. ஊரில் இருந்தால் ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி இருட்டாக்கிப் படுத்திருக்கிற நேரம். இங்கே ஒரு பழைய கல்லூரியின் பரீட்சை ஹாலில், உயரமான ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடக்க, வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருக்க, பத்து மேசைகளில் பத்துப் பேர் அடுத்தவர்களுடைய படங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புகைப்படத் திருவிழா என்று வாசலில் துணி கட்டியிருந்தது. திருவிழா என்றால் ராட்டினமும் பலூனும் இருக்கும் என்று அவன் மனைவி கேலி செய்தாள். ராட்டினம் இல்லை. பெட்டியோடு வருகிறவர்களும், பார்க்கத் தெரிந்தவர்களும், பெட்டிக்கு இருபது நிமிஷமும்தான். ஒரு பெண் பள்ளிக்கூட மணி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். தலைக்கு மேலே மின்விசிறிகள் ஓடுகின்றன, மூன்றாவது மட்டும் கொஞ்சம் சோர்வாக. அந்தப் பக்கத்து லைனில் மின்னழுத்தம் குறைவு, அவனுக்குக் காதிலேயே தெரிந்தது, யாரும் கேட்கவில்லை. நாற்பத்தெட்டு வயதில் பகல் வெளிச்சத்தில் பத்துப் பேரோடு விழித்திருப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது. தன்னுடைய படத்தை ஒருவர் இவ்வளவு மெதுவாகப் பார்ப்பதை எதிரே உட்கார்ந்து பார்ப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது. இதோடு போய்விட்டால்கூட நஷ்டமில்லை என்று ஒரு ஓரத்தில் தோன்றியது. அது பொய், உடனே திருத்திக்கொண்டான். மேசைக்கு ஒருவர் என்று பத்துப் பேரை அடுத்த வருஷக் கண்காட்சிச் சுவருக்குச் சிபாரிசு சொல்வார்கள். இவர் சொல்லாவிட்டால் அவன் பெட்டிக்கு வேறு யாரும் இல்லை, அவன் கேட்டு வாங்கியது இரண்டு மேசைதான், ஒன்று காலையிலேயே போயிற்று. ரோஸ்லின் அம்மாவிடம் வாய் விட்டாயிற்றே, உங்கள் படத்தை மெட்ராசில் மாட்டுவார்கள் என்று.

ரோஸ்லின் அம்மா அடியில் இருக்கிறாள். முதல் படம் அதுதான். இப்போது அதுதான் கடைசிப் படம். அவன் வேண்டுமென்றேதான் அவளை முதலில் வைத்தான். நல்ல படத்தை முதலில் வை என்று எல்லாரும் சொல்கிறார்கள், படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கிற வீடியோக்கள் அத்தனையும் அதைத்தான் சொல்கின்றன, அதனால் வைத்தேன் என்று மனைவியிடம் சொன்னான். தனக்கும் அதையே சொல்லிக்கொண்டான். முதலில் வைத்தால் சீக்கிரம் தாண்டிவிடும். பார்க்கிறவர் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார், பிறகு கோழிப்பண்ணைக்காரர், பிறகு தையற்கடை, முகம் முகமாக மூடிக்கொண்டே போய்க் கடைசியில் நாற்காலி. அடியில் வைத்தால் அப்படியில்லை. கடைசியாகப் பார்த்த முகம் கையிலேயே நிற்கும். யார் இது என்று கேட்பார்கள்.

மேடம் பதினேழாவது படத்துக்கு வந்திருந்தார். சட்டை போடாமல், நெஞ்சு நிறைய நரைமுடியோடு, கைகட்டி நிற்கிற பரமானந்தம். பார்த்தால் பால் குடிக்கிற பூனை. தொலைபேசியில் அந்த மனுஷன் பேசிய பேச்சை எழுதினால் காகிதம் கருகிவிடும். ஆவுடையப்பனுடைய அம்மாவிலிருந்து ஆரம்பித்து அடுத்த தலைமுறை வரைக்கும் வந்துவிட்டுத்தான் கரண்ட் எப்பம் வரும் என்ற கேள்விக்கே வருவார். அப்படிப்பட்ட குரல்களைத்தான் அவன் தேடிப்போனான். ராத்திரியில் ஊர் அவனுக்குக் குரல்தான், முகம் கிடையாது. மாவு அரைபடாமல் பாதியில் நின்ற குரல், கொசுவுக்குப் பயந்த குரல், அடைகாக்கிற பெட்டியில் நானூறு முட்டை கிடக்கிறது சாமி என்று அழுகிற குரல். இருபத்தொரு வருஷம் கேட்டுக் கேட்டு, ஒரு நாள், இவர்களுக்கெல்லாம் மூக்கு எப்படி இருக்கும் என்று ஆசை வந்துவிட்டது. காலையில் ஆறு மணிக்கு வேலை முடிந்ததும் புகார்ப் பதிவேட்டில் பேரைப் பார்த்துக்கொண்டு, பழைய கேமரா ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீடு தேடிக் கிளம்பினான். ராத்திரி வாங்கின ஏச்சு போதாதென்று பகலில் வீடு தேடிப் போய் வேறு வாங்கப் போகிறீர்களா என்றாள் மனைவி. ஒருவரும் ஏசவில்லை. நான்தான் கரண்ட் ஆபீஸ் என்றதும் எல்லாரும் வெட்கப்பட்டார்கள். பரமானந்தம் இளநீர் வெட்டிக் கொடுத்தார். அந்த வெட்கத்தைத்தான் அவன் எடுத்தான். காலையில் கேட்டவருக்கு அதுதான் பதில், எல்லாரும் கேமராவைப் பார்க்கவில்லை ஐயா, ராத்திரி தாங்கள் ஏசின ஆளை முதல் முறையாகப் பார்க்கிறார்கள். இங்கிலீஷில் இதற்கு எங்கே போவது.

மேடம் பரமானந்தத்தைப் பார்த்து உதட்டோரம் சிரித்தார். ஆவுடையப்பன் அதைப் பிடித்துக்கொண்டான். தலைகீழாகப் பார்த்தாலும் பரமானந்தம் பரமானந்தம்தான். பதினாறு, பதினைந்து. வாசலில் இருந்த பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எத்தனை நிமிஷம் ஆயிற்று, எட்டா, ஒன்பதா. இருபது நிமிஷம். யார் இந்த எண்ணைக் கண்டுபிடித்தார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட இருந்த பிச்சையா சொன்னதுதான் அவனுக்கு இன்றுவரைக்கும் சட்டம். தெரியாதுன்னு மட்டும் வாய் தவறியும் சொல்லிராதவே, தெரியாதுன்னா கம்போட வந்துருவான், பத்து நிமிஷம்னா நம்ப மாட்டான், அரை மணின்னா ஏசுவான், இருபதுன்னு சொல்லும், இருபதுல ஒரு மரியாதை இருக்கு. அது வேலை செய்தது. மழையோ காற்றோ, குருவி மாட்டிச் செத்ததோ, எதற்கும் இருபது நிமிஷம். ஊரில் பாதிப் பேருக்கு அவன் பேர் தெரியாது, இருபது நிமிஷம் என்றால் தெரியும். பத்து. ஒன்பது. தையற்கடை அமல்ராஜ், அரைகுறையாகத் தைத்த ரவிக்கையைப் பிடித்துக்கொண்டு. எட்டு. இன்னும் ஏழு போனால் அவள்.

ஐப்பசி மாதம் அது. காற்றோடு மழை. எங்கேயோ கிளை முறிந்து கம்பியில் விழுந்து மேற்குப் பக்கம் முழுக்கப் போய்விட்டது. முதல் போன் ரோஸ்லின் அம்மாதான். தம்பி, இவருக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடணும், எப்பம் வரும்? அவனுக்குத் தெரியாது. எந்த இடத்தில் முறிந்தது என்றே தெரியாது, ஆட்கள் சைக்கிளில் டார்ச்சோடு தேடிக்கொண்டிருந்தார்கள். இருபது நிமிஷம்மா, என்றான். சரிப்பா என்று வைத்தாள். நம்பி வைத்தாள், அதுதான். அரை மணி கழித்து மறுபடியும். இருபது நிமிஷம்மா. மூன்றாவது தடவை அவள் கேட்கவே இல்லை, ஆட்டோவுக்குச் சொல்லியாச்சு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன் என்று மட்டும் சொன்னாள், அவனுக்குத் தகவல் சொல்லக் கடமைப்பட்டவள்போல. கரண்ட் வந்தபோது ஒரு மணி நேரமும் பத்து நிமிஷமும் ஆகியிருந்தது. பதினோரு நாள் கழித்துப் பேருந்து நிலையச் சுவரில் அஞ்சலிப் போஸ்டர், அவள் வீட்டுக்காரர் தங்கையா, வயது எழுபத்து மூன்று. அந்த ராத்திரியால் என்று யாரும் சொல்லவில்லை. டாக்டர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. பதினோரு நாள் என்பது நீண்ட நாள்தான். ஆனாலும் ஆவுடையப்பன் அந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து நிற்பான், நாற்காலியில் உட்கார்ந்து மீட்டர்களைப் பார்த்துக்கொண்டே. முதல் போனிலேயே தெரியாது என்று சொல்லியிருந்தால் முதல் போனிலேயே ஆட்டோ வந்திருக்கும். தெரியாது. நாலு எழுத்து. கம்போடு வருகிற ஆளா அந்தம்மா. அதற்கப்புறம் எத்தனையோ தடவை மேற்குப் பக்கம் போயிற்று, எல்லாரும் கூப்பிட்டார்கள், அவள் கூப்பிடவில்லை. ஓட வேண்டிய மெஷின் இல்லையே. ஒலிக்காத அந்த ஒரு போன்தான் அவனுக்கு மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாகக் கேட்டது.

அவள் வீட்டுக்கு அவன் கடைசியாகத்தான் போனான், இருபத்தொரு படமும் முடிந்த பிறகு. கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடலாமா என்று நிற்கையிலேயே திறந்துவிட்டாள். நைட்டி மேல் துண்டு, தலைக்குச் சாயம் பூசிக் காயவிட்டிருந்தாள், நெற்றியோரத்தில் கறுப்பு வழிந்திருந்தது. அம்மா, நான் கரண்ட் ஆபீஸ்லேர்ந்து, என்று அவன் ஆரம்பித்த அந்த நாலு சொல்லிலேயே அவள் நிமிர்ந்தாள். "யாரு, இருபது நிமிஷமா?" என்று கேட்டுச் சிரித்தாள். முப்பது வருஷம் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவளாம், முகம் மறந்தாலும் குரல் மறக்காதாம். அந்தக் காலத்தில் டிரங்க் கால் எப்போது கிடைக்கும் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் அவளும் ஒரு கணக்குச் சொல்வாளாம், பத்து நிமிஷம் சார், பத்து நிமிஷம் சார் என்று. அவள் சிரிக்கச் சிரிக்கவே அவன் கேமராவைத் தூக்கிவிட்டான், கண்ணை மறைத்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. சாயம் வழிந்த நெற்றியோடு, வாசல் நிலையில் கைவைத்து, பின்னால் பகலிலும் எரிகிற விளக்கோடு, வாய்விட்டுச் சிரிக்கிற ரோஸ்லின் அம்மா. அது தெரிந்து சிரித்த சிரிப்பா, தெரியாமல் சிரித்த சிரிப்பா. மன்னித்துவிட்டாளா, இல்லை, மன்னிக்க ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாதா. கேட்கவில்லை. கேட்டால் அந்தச் சிரிப்பு போய்விடும். மெட்ராசில் மாட்டுவார்கள் அம்மா என்று உளறிவிட்டு, கொடுத்த தேநீரை நின்றுகொண்டே குடித்துவிட்டு ஓடிவந்தான்.

நான்கு. மூன்று. மணி அடித்தது. பத்து மேசையிலும் நாற்காலிகள் நகர்ந்தன. ஆவுடையப்பன் எழுந்தே விட்டான், பழக்கம், மணி அடித்தால் எழுந்துவிடுகிற உடம்பு. போய்விட்டது, இரண்டே படம், அவளைப் பார்க்காமலே முடிந்துவிட்டது. ஏமாற்றமா ஆசுவாசமா என்று பார்க்கக்கூட நேரமில்லை, மேடம் தலையைத் தூக்காமலே கையுறை போட்ட கையை மட்டும் உயர்த்தி வாசல் பெண்ணுக்குக் காட்டினார், இன்னும் கொஞ்சம். அந்தக் கை அப்படியே நின்றது, வெள்ளையாக. அடுத்த ஆள், தோளில் பெரிய பையோடு, இரண்டடி தள்ளி நின்று பெருமூச்சு விட்டார். ஆவுடையப்பன் மறுபடியும் உட்கார்ந்தான். இரண்டாவது படம் இடது பக்கம் போயிற்று. பிறகு அடியில் இருந்தது.

மேடம் அதை எடுத்தார், எடுத்தவர் கீழே வைக்கவில்லை. ஜன்னல் பக்கம் கொஞ்சம் சாய்த்தார். மூன்றாவது மின்விசிறி சோர்ந்து சோர்ந்து சுற்றியது. எவ்வளவு நேரம் என்று அவனால் சொல்ல முடியாது, இருபதுக்குள் அடங்காத ஏதோ ஒரு நேரம்.

"யாரு சார் இவங்க?"

சொன்னான். அளந்து சொல்லத்தான் நினைத்தான், ஆனால் ஐப்பசி மழை வந்துவிட்டது, ஆட்டோ வந்துவிட்டது, பதினோரு நாள் வந்துவிட்டது. மனைவியிடம்கூடச் சொல்லாததை, பின்னால் ஒரு ஆள் பையோடு காத்து நிற்க, பெயர் மட்டுமே தெரிந்த ஒருத்தரிடம் சொல்லி முடித்தான். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அது அவனுக்குப் பிடித்திருந்தது.

"காலியான நாற்காலியில ஆரம்பிச்சு இவங்க சிரிப்புக்கு வந்து சேர்ந்திருக்கீங்க. இந்த வரிசை யோசிச்சுப் போட்டதா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லலாம். யாருக்குத் தெரியப்போகிறது. "இல்ல மேடம். காலையில பாத்தவர் எடுத்து எடுத்துப் போட்டதுல தலைகீழாப் போயிட்டு. நான் திருப்பி அடுக்க மறந்துட்டேன். என் வரிசையில இவங்கதான் முதல், நாற்காலிதான் கடைசி."

சாருலதா மேடம் பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டே சிரித்தார். "அப்ப அவருக்கு நான் ஒரு காப்பி வாங்கிக் கொடுக்கணும். இனிமே திருப்பி அடுக்காதீங்க சார், இப்படியே இருக்கட்டும்." ஒரு தாளை இழுத்து அவன் பேரைக் கேட்டு எழுதினார், ஒற்றெழுத்து விடாமல். தன் மேசையிலிருந்து இந்தப் பேர்தான் போகும் என்றும், ஆனால் சுவர் கொடுப்பது வேறு ஆட்கள் என்றும் சொன்னார். "கிடைக்குமா, எப்ப கிடைக்கும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லவும் மாட்டேன்." ஆவுடையப்பன் அந்தச் சொல் வந்து விழுந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வலிக்கவில்லை. தெரியாது என்று ஒருத்தர் முகத்துக்கு நேராகச் சொன்னால் இப்படித்தான் இருக்குமா, இவ்வளவுதானா.

வெளியே மாடிப்படியில் வெயில் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து பெட்டியைத் திறந்தான். மேலே ரோஸ்லின் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கணம் புரியவில்லை, பிறகு சிரிப்பு வந்துவிட்டது. மேடமும் ஒவ்வொன்றாக எடுத்து இடது பக்கம்தானே வைத்தார், தலைகீழாக இருந்தது மறுபடியும் தலைகீழாகி அவனுடைய பழைய வரிசைக்கே வந்து நிற்கிறது. திருப்பி அடுக்காதே என்று சொன்னவர் திருப்பி அடுக்கிக் கொடுத்துவிட்டார். ஆக, இந்த முறை அவன்தான் மாற்ற வேண்டும், கைதவறி அல்ல. பெட்டியின் மூடியை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அவளை முதலில் எடுத்து அதில் வைத்தான். அவள் மேல் அடுத்த படம், அதற்கு மேல் கோழிப்பண்ணைக்காரர், அமல்ராஜ், பரமானந்தம். அவசரப்படவில்லை. படியில் ஏறி இறங்குகிறவர்கள் சுற்றிப் போனார்கள். தனசீலன் தேநீர்க் கிளாசோடு வந்து, என்ன அண்ணே மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சம்மதிச்சாங்களா என்று கேட்டார், பேர் எழுதிக்கிட்டாங்க என்றதும் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். நாற்காலியும் தொலைபேசியும் கடைசியாக மேலே வந்து உட்கார்ந்தன. மூடினான். பிறகு கைபேசியை எடுத்து, புகார்ப் பதிவேட்டிலிருந்து எழுதி வைத்து இரண்டு வருஷமாக ஒரு தடவைகூட அழைக்காத எண்ணை அழைத்தான்.

ஹலோ என்று அவன் சொன்னதுமே அடையாளம் தெரிந்துவிட்டது அவளுக்கு. என்னப்பா, நீ கூப்பிடுத, இங்க கரண்ட் இருக்கே என்றாள். படத்தை ஒருத்தர் பார்த்தார் அம்மா, ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார், மாட்டச் சொல்லிப் பேர் எழுதியிருக்கிறார் என்றான். நெற்றியில் சாயம் வழிந்த அந்தப் படமா என்று அவள் கேட்டாள், ஆமாம் என்றான், போச்சு என்றாள். சந்தோஷம்தான் அது, குரலில் தெரிந்தது.

"எப்பம் மாட்டுவாங்களாம்?"

பழைய சொல் வழக்கம்போல் நாக்கில் தயாராக வந்து நின்றது. ஆவுடையப்பன் அதை அப்படியே விழுங்கினான்.

"தெரியலம்மா," என்றான்.

அவள் சிரிக்கவில்லை. முப்பது வருஷம் காதில் கருவி மாட்டி ஊர்ப் பேச்சையெல்லாம் கேட்ட ஒருத்தி, ஒரு குரலை எடைபோட எவ்வளவு நேரம் எடுப்பாளோ அவ்வளவு நேரம்.

"அது போதும் தம்பி," என்றாள். "தெரியலன்னு சொல்லிட்டா நாம நம்ம வழியப் பாத்துக்கிடுவோம்லா."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளே, கதவைத் திறந்து சிரித்தபோதே தெரிந்திருக்கிறது. ஆமாம்மா என்றான். அவளும் வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை. மடியில் பெட்டியோடு படியில் உட்கார்ந்தபடி அவன் கேட்டுக்கொண்டிருந்தான், அறுநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், அவள் வீட்டு மின்விசிறி சீராக ஓடிக்கொண்டிருந்தது.